குயின்ஸ் பார்க்கில் எதிர்த்துப் பேசப்போன புனிதவதி

புனிதவதியும் நானும் ஒரே நிறுவனத்துக்கு உரைபெயர்ப்பாளர்களாக வேலை செய்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வரும். ஒரு பக்கம் டொக்ரர், மறுபக்கம் இங்கிலீஷ் தெரியாத ஒரு தமிழர், நடுவில் நாங்கள். இந்தத் தொழிலுக்கு ஒரு கட்டாய விதி உண்டு. நோயாளி "எனக்கு நெஞ்சு நோகுது" என்றால், "அவருக்கு நெஞ்சு நோகிறதாம்" என்று நாங்கள் சொல்லக்கூடாது. "எனக்கு" என்றே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அடுத்தவருடைய வருத்தம், கோபம், பொய் எல்லாம் எங்கள் வாயால் "நான், நான்" என்று வெளியே போகும். பிறகு குசினிக்குள் போய் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவோம்.

புனிதவதி அதில் கெட்டிக்காரி. ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். பருத்தித்துறைக்காரி. ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் கணவர் சண்முகநாதனோடு இருக்கிறார். அவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள் இல்லை.

இல்லை என்று நான் எழுதுவதைப் புனிதவதி ஒப்புக்கொள்ள மாட்டார். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பெண்பிள்ளை வயிற்றில் இருந்தது. ஐந்தாம் மாதம் தொடங்குகிற நேரத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்களாம். விரல்கள் எல்லாம் இருந்தனவாம். பெயர் பதிய வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். பதிவதற்கு வேண்டிய அளவு வளரவில்லை, அதனால் சட்டப்படி பதிவு கிடையாது என்று ஒரு நேர்ஸ் தன்மையாகச் சொல்லியிருக்கிறார்.

"தன்மையாத்தான் சொன்னவ. ஆனா நான் பெத்ததைச் சட்டம் பிள்ளை இல்லையெண்டு சொல்லுது எண்டதுதான் எனக்கு விளங்கினது." இதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறை, ஒரு கோப்பிக் கடை வாசலில் காருக்குள் இருந்து சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

கருக்கலைப்புச் சம்பந்தமான அழைப்புகளை எடுக்காமல் விட எங்களுக்கு உரிமை உண்டு. அவர் எடுப்பதில்லை. அவருக்கு வந்து அவர் விட்டவை சில எனக்கு வந்திருக்கின்றன.

கனடாவில் கருக்கலைப்பைத் தடுக்கும் குற்றவியல் சட்டம் நெடுங்காலமாகவே இல்லை. ஆனால் அது எங்கே, எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்பது மாகாணத்தின் கையில் இருக்கிறது. இது நடந்த வருடம் ஒன்ராறியோ மாகாணச் சட்டசபையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிரதேசத்திலும் இந்தச் சேவை இருக்க வேண்டும், ஃபார்மசிகள் அதற்குரிய மாத்திரையைக் கைவசம் வைத்திருக்க வேண்டும், பல மொழிகளில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அதை எதிர்த்து ஸ்காபரோவில் ஆள் சேர்த்தவர்களில் வின்சன்ற் ஒருவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் பிறகு வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிறவர். அவருக்குத் தமிழில் ஒரு பிரசுரம் தேவைப்பட்டது. எங்கேயோ விசாரித்துப் புனிதவதியைப் பிடித்தார்.

"நான் வேதக்காரி இல்லை அண்ணை, சைவம்," என்றார் புனிதவதி.

"அதாலைதான் பிள்ளை உங்களைக் கேக்கிறன். நாங்கள் மட்டும் சொன்னா உது சுவாமிமார் சொல்லிக் குடுத்தது எண்டுவினம்."

அவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். பிறகு கூட்டங்களுக்கும் போனார். இரண்டாவது கூட்டத்தில் தன் பிள்ளையின் கதையை எழுந்து சொன்னாராம். அங்கிருந்தவர்கள் அழுதிருக்கிறார்கள். சட்டசபைக் கொமிற்றியில் பொதுமக்கள் வந்து பேசலாம் என்று அறிவித்தபோது, வின்சன்ற் கொடுத்த முதல் பெயர் புனிதவதியுடையது.

அவர் அதற்குத் தயாரான விதம் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வீட்டில்தான் பேசிப் பழகினார். நல்ல பேச்சு. "வேண்டாம் என்று வருகிற பெண்ணுக்கு உங்கள் சட்டமூலத்தில் வழி இருக்கிறது. வேண்டும் என்று கெஞ்சி நின்ற என்னைப் போன்றவளுக்கு ஒரு வரியும் இல்லை" என்று தொடங்கும். வழியை இவ்வளவு சுலபமாக்கினால் யோசிக்கிற நேரம் பறிபோகும் என்பது அடுத்த வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. 

அன்று பனி கொட்டியது. வின்சன்ற் அண்ணை கூட்டத்தோடு ஒரு வான் வண்டியில் வர, புனிதவதியும் நானும் சப்வே ரயிலில், சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்குக்குப் போனோம். கொமிற்றி அறைக்கு வெளியே நீளமான ஒரு நடைபாதை. அங்கே புனிதவதி என்னோடு தமிழில் கதைத்துக்கொண்டு நின்றதைக் கேட்டுவிட்டு ஒரு பெண் ஸ்ரோலரைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஸ்ரோலருக்குள் ஒரு பெண்குழந்தை, பனிக்கால உடுப்போடு, பிஸ்கற் சப்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

அவர் பெயர் ரதி. மோர்னிங்சைட்டில் இருக்கிறார். அன்று அவரும் கொமிற்றியில் பேச வந்திருந்தார். பேச ஒழுங்கு செய்த பெண்கள் அமைப்பு ஓர் உரைபெயர்ப்பாளரையும் ஒழுங்கு செய்திருந்தது. அந்த ஆளின் கார் நெடுஞ்சாலையில் விபத்துக்குப் பின்னால் அகப்பட்டு நின்றது. ரதியின் முறை வரப்போகிறது. தவறினால் வேறு நாள் இல்லை.

"எனக்கு இங்கிலீஷிலை சாமான் வாங்கத் தெரியும். உதைச் சொல்லத் தெரியாது," என்றார் ரதி.

புனிதவதி என்னைப் பார்த்தார். நான் செய்திருக்கலாம். ஆனால் எனக்குச் சளியில் தொண்டை கட்டி, குரல் காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, நீங்கள் என்னத்துக்குப் பேச வந்தனீங்கள்? சட்டம் வேணும் எண்டோ, வேண்டாம் எண்டோ?"

"வேணும் எண்டு."

"நான் வேண்டாம் எண்டு சொல்ல வந்தனான்."

ரதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவீங்களோ?" என்று கேட்டார்.

"அப்பிடியே சொல்லுவன். எனக்கு வேறை மாதிரிச் செய்யத் தெரியாது."

"அப்ப எனக்கு அது காணும்."

தானும் பின்னர் எதிர்த்துப் பேச இருப்பவர் என்பதைப் புனிதவதி கொமிற்றித் தலைவரிடம் முதலே சொன்னார். தலைவர் ரதியைப் பார்த்தார், ரதி தலையாட்டினார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பார்வையாளர் வரிசையில் வின்சன்ற் அண்ணை, தான் பிழையான அறைக்கு வந்துவிட்டேனோ என்பது போல முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார்.

ரதி சொன்னதை நான் தமிழிலும் கேட்டேன், இங்கிலீஷிலும் கேட்டேன். கணவர் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு வந்தவர். கணவர் ட்ரக் ஓடுகிறவர், வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். இரண்டாவது பிள்ளையை வயிற்றை வெட்டி எடுத்துச் சில மாதம்தான். அந்தக் காயமும் ஆறவில்லை, மனமும் ஆறவில்லை. பிள்ளை அழுதால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். அந்த நேரத்தில் மீண்டும் கர்ப்பம். முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய ஒரு வோக்-இன் கிளினிக்குக்குப் போய், கருக்கலைப்புப் பற்றித் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அங்கிருந்த டொக்ரர் 'நான் அதைச் செய்வதில்லை' என்றாராம். வேறு இடம் எதுவும் சொல்லவில்லை.

"நான் நினைச்சன் இந்த நாட்டிலை உது தடை எண்டு. கேட்டதுக்கே பொலிஸ் வருமோ எண்டு பயந்து வீட்டை வந்திட்டன்," என்றார் ரதி.

புனிதவதி இங்கிலீஷில் சொன்னார்: நான் நினைத்தேன். நான் பயந்தேன். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டாம் என்றிருந்தது. நான் ஜன்னலடியில் நின்று கீழே பார்ப்பேன்.

குரல் சீராகத்தான் வந்தது. அவர் கைகள் மட்டும் மேசைக்குக் கீழே போயிருந்தன. தடை இல்லை என்று ஒரு பக்கத்து வீட்டுப் பெண் ரதிக்குச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. பிள்ளை பிறந்தது. ஸ்ரோலரில் இருந்து பிஸ்கற் தின்ற பிள்ளை அதுதான்.

அதைச் சொன்னதும் அறையில் எல்லோரும் ஸ்ரோலரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை தன் சப்பாத்தைக் கழற்றும் முயற்சியில் இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. உறுப்பினர் ஒருவர், முரட்டுத்தனம் இல்லாமல், மெதுவாகவே கேட்டார்: இந்தச் சட்டம் அப்போது இருந்திருந்தால் இந்தக் குழந்தை இன்று இங்கே இருந்திருக்காது, அப்படித்தானே?

அது புனிதவதியின் கேள்வி. என் வீட்டில் பேசிப் பழகியபோது அவரே இதைப் பலமுறை கேட்டிருக்கிறார், எதிரே இல்லாத ஒரு தாயைப் பார்த்து. இப்போது ஆள் பக்கத்தில் இருந்தார். அதைத் தமிழில் அந்தத் தாயின் முகத்துக்கு நேரே இவர்தான் சொல்ல வேண்டும்.

வேலை நேரத்தில் புனிதவதி தயங்கியதை நான் கண்டதில்லை. அன்று தயங்கினார். தலைவர், கேள்வி விளங்கவில்லையா என்று கேட்டார். "விளங்கியது" என்று சொல்லிவிட்டு, ரதியின் பக்கம் திரும்பி, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார்.

ரதி பிள்ளையைப் பார்த்தார். "இவள் இல்லாமல் எனக்கு இப்ப இருக்கேலாது. அதுக்காண்டி அண்டைக்கு நான் பட்டது பொய்யோ? என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியுமோ" என்பதைப் புனிதவதி இங்கிலீஷில் சொன்னபோது, அந்த உறுப்பினரைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கே பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. உறுப்பினர் நன்றி என்றார்.

இடையில் இன்னொருவர் பேசியபின் புனிதவதியின் முறை. அதே கதிரை. தலைவர் சிரித்துக்கொண்டு, "இப்போது உங்களுக்காகப் பேசுகிறீர்கள் அல்லவா?" என்றார். புனிதவதி ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு திருத்தி இங்கிலீஷில் சொன்னார்.

அவர் பழகிய பேச்சு வரவில்லை. "நான் இந்தச் சட்டமூலத்தை எதிர்க்கிறேன்" என்று தொடங்கினார். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் துண்டு துண்டாக. "ஏன் என்று சொல்ல வந்தேன். இப்போது சொன்னால் அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சொல்வது போலிருக்கிறது. அவருக்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் எதிர்க்கிறேன்." பிறகு தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். துணி, விரல்கள், பதிவு இல்லை என்றது. வின்சன்ற் அண்ணையின் கூட்டத்தில் எல்லோரும் அழுத கதை, அங்கே வெறும் தகவல் போலக் கேட்டது. முடிக்கும் முன் நேரம் முடிந்துவிட்டது.

வெளியே நடைபாதையில் ரதி காத்திருந்தார். பிள்ளை தூங்கிவிட்டது.

"அக்கா, நீங்கள் என்ரையைச் சொன்னீங்கள். உங்கட முறையிலை நீங்கள் சொன்னது எனக்கு விளங்கேல்லை. ஏதோ பிள்ளை எண்டு கேட்டது. என்ன சொன்னீங்கள்?"

புனிதவதி தன் பேச்சையே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. சுவரில் சாய்ந்துகொண்டு, உள்ளே சொன்ன அதே ஒழுங்கில் சொன்னார். எதிர்க்கிறேன் என்றதையும் விடவில்லை. 

"விரல் எல்லாம் இருந்த பிள்ளையை ஏன் பதிய மாட்டினம்?" என்றார் ரதி கடைசியில். உண்மையாகவே கோபப்பட்டார். "உதுக்கும் ஒரு சட்டம் வேணுமெல்லோ? நீங்கள் அதைக் கேட்டிருக்க வேணும் அக்கா. அதுக்கெண்டா நானும் வந்து சொல்லுவன்."

 சப்வேயில் வரும்போது புனிதவதி என்னிடம், "அவ என்ர பக்கமோ, நான் அவவின்ர பக்கமோ?" என்று கேட்டார்.  

வின்சன்ற் அண்ணை அன்று மாலையே தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "ஏன் பிள்ளை உதைச் செய்தனீங்கள்?"

"அவவுக்குப் பாஷை இல்லை அண்ணை."

"அது சரி. ஆனா அவ நல்லாச் சொல்லிப்போட்டா. நீங்கள் நல்லாச் சொல்லிக் குடுத்திட்டீங்கள். உங்கட பேச்சைவிட அதுதான் எடுபட்டது." குற்றம் சாட்டுகிற குரலில்லை, மனம் நொந்த குரல் என்றார் புனிதவதி.

அந்த வாரத்துக்குள் வேறு வினை வந்தது. கொமிற்றி ஒளிபரப்பிலிருந்து யாரோ ஒரு சின்னத் துண்டை வெட்டி வட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். கமெரா பேசுகிறவர் முகத்தைத்தான் காட்டும். அதில் ரதி இல்லை. புனிதவதி மட்டும், நல்ல தெளிவான இங்கிலீஷில், எனக்கு அந்தப் பிள்ளை வேண்டாம் என்றிருந்தது என்கிறார். "ஸ்காபரோத் தமிழ்ப் பெண் சட்டசபையில்" என்று கீழே எழுதியிருந்தது. பாரிஸிலிருந்து அவருடைய தமக்கை போன் எடுத்து, "பிள்ளை இல்லையெண்டு கோயில் கோயிலாத் திரிஞ்சதெல்லாம் வேஷமோடி?" என்று கேட்டுவிட்டு வைத்தார். விளக்கம் சொல்ல விடவில்லை.

சண்முகநாதனுக்கு அது தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறது. பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்தார். பிறகு நடந்ததைப் புனிதவதி எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீர் என்ன சொன்னனீர் அங்கை?"

"அது நான் சொன்னதில்லை. அந்தப் பெட்டை சொன்னது. நான் இங்கிலீஷிலை சொன்னனான். உங்களுக்குத் தெரியும்தானே என்ர வேலை."

"தெரியும். எனக்குத் தெரியாதெண்டு நான் சொன்னனானோ? ஆரும் கேட்டா நானே விளங்கப்படுத்துவன்." போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஆனா உம்மட குரலிலை அதைக் கேட்டவுடனை, எனக்கு ஒருக்கா... உண்மையா இருக்குமோ எண்டு வந்திட்டுது. நீர் ஒரு நாளும் எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனீரோ எண்டு."

புனிதவதிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் இவர் அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறந்ததில்லை. கூட்டங்களுக்குக் கூப்பிட்டபோதும் வரவில்லை. இப்போது திறந்தது இதைக் கேட்கவா? அதை அப்படியே அவரிடம் கேட்டும் விட்டார்.

சண்முகநாதன் அப்போதுதான் ஜக்கெற்றைக் கழற்றினார். "மங்கையற்கரசி எண்டு வைப்பம் எண்டு நான் நினைச்சிருந்தனான்," என்றார்.

புனிதவதிக்கு அது புதுச் செய்தி. தன் மனதில் அவர் வைத்திருந்த பெயர் வேறு. அந்தப் பெயரை அவர் சண்முகநாதனிடம் அன்றும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இரண்டு பெயரோடு ஒரு பிள்ளை இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். சிரித்தாரா அழுதாரா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

வின்சன்ற் அண்ணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீடியோவைப் பார்த்தவுடன், தன்னுடைய வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் குரல்பதிவு அனுப்பினார். அந்த அம்மா சொன்னது தன் கதையில்லை, பாஷை தெரியாத இன்னொரு பெண்ணுக்கு உதவியது, அவர் எங்களோடு நின்றவர் என்று. எதிர்த்தரப்புக்குக் குரல்கொடுத்தவரை ஏன் காப்பாற்றுகிறாய் என்று அவருடைய ஆட்களே கேட்டிருக்கிறார்கள். "உண்மை அதுதானே" என்றாராம். பாரிஸ் தமக்கைக்கும் அந்தக் குரல்பதிவுதான் போய்ச் சேர்ந்தது. அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு எடுத்துக் கதைத்தார்.

சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. தேர்தல் அறிவித்தார்கள், சபை கலைந்தது, சபையோடு அதுவும் போயிற்று. ரதி சொன்னதாலும் ஒன்றும் ஆகவில்லை, புனிதவதி சொன்னதாலும் ஒன்றும் ஆகவில்லை. எதிர்த்தவர்கள் வென்றோம் என்றார்கள். புனிதவதிக்கு வென்றது போலவும் தெரியவில்லை, தோற்றது போலவும் தெரியவில்லை. மோர்னிங்சைட்டில் இன்னொரு ரதி இப்போது எந்த டொக்ரருக்கு முன்னால் நிற்கிறாளோ என்று ஒரு நாள் சொன்னார். அடுத்த மூச்சில், "எண்டாலும் அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவா இருந்தது," என்றார்.

தேர்தல் நேரத்தில் வின்சன்ற் அண்ணை அவர்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று வோபர்ன் நூலகத்தில் நடக்கப்போகிறது, வந்து பேச வேண்டும் என்றார்.

"நீங்கள் இப்பவும் எதிர்தானே பிள்ளை?"

"எதிர்தான் அண்ணை."

"பிறகென்ன? வாங்கோ."

"பிரசுரம் எண்டாத் தமிழாக்கித் தாறன். பேச வரேல்லை."

"ஏன்?"

 "இப்ப பேச வெளிக்கிட்டா, எதிர் எண்டதோட நிக்காது. இன்னும் கனக்கச் சொல்ல வேண்டி வரும். அது எல்லாம் ஒண்டோட ஒண்டு பொருந்துதோ எண்டு எனக்கே தெரியேல்லை. எனக்கு முதல் விளங்கட்டும்."

வின்சன்ற் அண்ணைக்கு இது பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார். நானும் தோளைக் குலுக்கினேன். சண்முகநாதன் பால் விடாத பிளேன்ரீயும் நாலைந்து துண்டு கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமாக அறைக்குள் போகிற மனுஷன், அன்று போகாமல் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சட்டத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. வின்சன்ற் அண்ணை போகும்போது பிரசுரத்தின் இங்கிலீஷ் பிரதியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் புனிதவதி அந்த வாரமே தமிழாக்கிக் கொடுத்தார் என்று அறிந்தேன்.